விட்ரியஸ் என்றால் எந்தக் கண்ணாடி?

போன தை மாதம் அப்பத்தாவுக்கு ஒரு நாள் காலையில் வலது கண்ணில் ‘நூலாம்படை கட்டுன மாதிரி’ தெரிந்தது. மறுநாள் நூலாம்படை கரும்புகையானது. சர்க்கரை இருபது வருஷமாக இருக்கிறவர்கள். மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது: விட்ரியஸ் ஹெமரேஜ்.

காரைக்குடி திரும்பிய அதே வாரத்தில், வீட்டின் பின்கட்டுக்குத் தரை போட டைல்ஸ் பார்க்கப் போனேன். கடைக்காரர் ஒரு கல்லைச் சுண்டிக் காட்டி, ‘சத்தத்தைக் கேளுங்கண்ணே, ஃபுல்பாடி விட்ரிஃபைட்’ என்றார். அங்கிருந்து வரும் வழியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் கால் நின்றுவிட்டது. ஓரம் பெயர்ந்த நீலத் தூக்கு ஒன்று. வெளிநாட்டுக்காரர்களுக்காக அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘விட்ரியஸ் எனாமல்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

கண், தரை, தூக்கு. மூன்றுக்கும் ஒரே வேர்ச்சொல். ஆங்கிலம் பேசுகிறவர்களே அன்றாடம் சொல்லாத சொல் இது. ஆனால் கண் மருத்துவர், ஓடு செய்கிறவர், கனிமம் படிக்கிறவர், மின்வேதியியல்காரர், கோதுமை மாவு மில் வைத்திருப்பவர் என்று ஆளுக்கு ஒரு வேலைக்கு இதை வைத்திருக்கிறார்கள். இலத்தீனில் ‘விட்ரம்’ என்றால் கண்ணாடி. அதிலிருந்து வந்த விட்ரியஸ், ‘கண்ணாடி போன்ற’ அல்லது ‘கண்ணாடியாலான’ என்று பொருள்படும். அகராதி அதோடு விட்டுவிடும். நமக்குத் தொல்லை அங்கேதான் ஆரம்பம். கண்ணாடி ஒளியை விடும், பளபளக்கும், தண்ணீரை உறிஞ்சாது, உடைந்தால் சில்லாகும், மின்சாரத்தைக் கடத்தாது, அதன் உள்ளே அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஒவ்வொரு துறையும் இதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிட்டது. எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் ‘கண்ணாடித்தன்மையுள்ள’ என்று மொழிபெயர்த்தால் பாதி இடங்களில் பொய்யாகிவிடும்.

முதலில் கண். விழிக்குள் முன்பக்கம் லென்ஸ், பின்பக்கம் திரை போல விழித்திரை. இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய இடத்தை ஒரு கூழ் நிரப்பியிருக்கிறது. ஏறக்குறைய 4 மில்லி. விழியின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு. அதில் 98 முதல் 99 சதவீதம் வெறும் தண்ணீர். மீதியில் கொலாஜன் என்ற புரத இழைகளும், அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தள்ளி நிறுத்தும் ஹயலுரானிக் அமிலமும் முக்கியமானவை. இழைகள் இடைவெளி விட்டு நிற்பதால் ஒளி சிதறாமல் போகிறது. தொட்டால் நுங்கு போல இருக்கும் இந்தச் சதசதப்புக்கா கண்ணாடி என்று பெயர்? ஆமாம். இங்கே எடுத்துக்கொண்டது ஒளி ஊடுருவும் குணத்தை மட்டும். கடினமோ, உடைவதோ, வறட்சியோ எதுவும் வரவில்லை.

பெயர் வைத்தது ஆங்கிலம் அல்ல. 2ஆம் நூற்றாண்டில் காலன் என்ற வைத்தியர் கிரேக்க மொழியில் எழுதியபோதே இது ‘கண்ணாடி உருவான நீர்மம்’தான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் அதை அரபுக்குக் கொண்டுபோனபோது, அரபுக் கண்ணாடியான ‘ஜுஜாஜ்’ஐ வைத்துப் பெயரிட்டார்கள். பிறகு இலத்தீனில் விட்ரம் வந்து உட்கார்ந்தது. நீர்மம் ஒன்று, அதற்கு மூன்று மொழிக் கண்ணாடி. அந்தக் கால வைத்தியர்கள் கண்ணில் மூன்று நீர்மங்களைச் சொன்னார்கள்: தண்ணீர் போன்றது, படிகம் போன்றது, கண்ணாடி போன்றது. படிகம் என்றது இன்றைய லென்ஸை. படிகமும் கண்ணாடியும் கண்ணுக்குள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். வெளியே இரண்டுக்கும் ஆகாது. அந்தச் சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

இவர்கள் கண்ணுக்குக் கண்ணாடியின் பெயரை வைத்தார்கள். தமிழ் தலைகீழாகப் போயிருக்கிறது. ஆடி என்றால் முகம் பார்க்கும் ஆடி. கண்ணும் ஆடியும் சேர்ந்து கண்ணாடி ஆகி, அந்தச் சொல் பிறகு முகம் பார்ப்பதற்கும், மூக்கில் மாட்டுவதற்கும், சன்னலில் பதிப்பதற்கும், கடைசியில் அந்தப் பொருளுக்கே பொதுப்பெயராகவும் ஆகிவிட்டது. நம்மிடம் கண்தான் கண்ணாடிக்குப் பெயர் கொடுத்தது. இலங்கைப் பாடநூல்கள் இந்தக் கூழைக் ‘கண்ணாடியுடனீர்’ என்று எழுதுகின்றன. கண்ணிலிருந்து பெயர் வாங்கிய கண்ணாடியைத் திரும்பக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் அப்பத்தாவிடம் அதைச் சொன்னால் மூக்குக்கண்ணாடி என்றுதான் புரியும். சொல்லிப் பார்த்தேன், அப்படித்தான் புரிந்தது. ‘அதான் மூணு கண்ணாடி மாத்தியாச்சே, இன்னும் எதுக்குய்யா?’

வயதானால் இந்தக் கூழ் இளகும். எண்பது, தொண்ணூறு வயதில் பாதிக்கு மேல் நீர்த்துவிடுகிறது. தள்ளி நின்ற கொலாஜன் இழைகள் அங்கங்கே திரண்டு முடிச்சாகி, விழித்திரையில் நிழல் விழுத்துகின்றன. அதுதான் கண் முன்னே பறக்கும் பூச்சி. பார்வையை எங்கே திருப்பினாலும் கூடவே ஓடும். பிடிக்கப் போனால் நழுவும். பெரும்பாலும் தீங்கில்லாதது. திடீரென்று நிறையப் பூச்சிகள், மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை விழுந்தது போன்ற இருட்டு என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம்; அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பத்தாவுக்கு வந்தது வேறு வகை. சர்க்கரையால் விழித்திரையில் முளைக்கும் புது ரத்தக் குழாய்கள் மெலிந்தவை. அவை உடைந்து கூழுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. தானாகக் கரையவில்லை என்றால் கூழையே எடுத்துவிடுவார்கள். அந்த அறுவை சிகிச்சையின் பெயர் விட்ரெக்டமி. 1970ஐ ஒட்டி அமெரிக்காவில் ராபர்ட் மாகெமர் அதற்கு வழி திறந்தார். இப்போது அரை மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியாகவே செய்கிறார்கள். வெட்டி உறிஞ்சிவிட்டு, தேவைக்கேற்ப உப்புநீரோ, வாயுவோ, சிலிக்கோன் எண்ணெயோ நிரப்புகிறார்கள். வாயு வைத்தவர்கள் அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது; மேலே போகப் போக வாயு விரிந்து கண்ணை அழுத்தும்.

மருத்துவர்கள் இந்தப் பெயரடையைப் பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். ‘விட்ரியஸ் ஹியூமர்’ என்று முழுசாகச் சொல்ல யாருக்கு நேரம்? ‘விட்ரியஸ் கலங்கியிருக்கிறது’, அவ்வளவுதான். பிணக்கூறாய்வு செய்பவர்களும் அப்படியே. இறந்தபின் இந்தக் கூழில் பொட்டாசியம் மெல்ல ஏறும் என்பதால், இறந்த நேரத்தை மதிப்பிட அதை ஊசியில் எடுத்துச் சோதிப்பதுண்டு.

ஹயலுரானிக் அமிலம் என்று மேலே ஒன்று வந்ததே, முகத்தில் தடவும் சீரம் புட்டிகளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதே சரக்குதான். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் இந்தக் கூழிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ‘ஹயலோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி. ஆக, காரைக்குடி மருந்துக் கடையில் சீரம் கேட்கிற பெண்பிள்ளை தெரியாமலே காலனின் கண்ணாடியைத்தான் கேட்கிறது.

இனி அந்த நீலத் தூக்கு. செட்டிநாட்டில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வந்தவர்கள் வீட்டில் பீங்கானும் எனாமலும் வந்து குவிந்தன. பீங்கானுக்கு எங்கள் பக்கம் மங்குச் சாமான் என்று பெயர். எனாமல் ஏனங்களில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகளைப் பார்க்கலாம். பெண்ணுக்குக் கொடுத்த சீரில் இவையும் அடுக்கடுக்காகப் போயிருக்கின்றன. பித்தளையில் புளி வைத்தால் களிம்பேறும், ஈயம் பூச வேண்டும். எனாமலில் புளிக்குழம்பு ராத்திரி முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. அதன் மேல் இருப்பது பெயின்ட் அல்ல, கண்ணாடியே. மணல், ஃபெல்ஸ்பார் என்ற கனிமம், வெங்காரம் முதலியவற்றை உருக்கித் தண்ணீரில் கொட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதை மாவாக அரைத்து, குழம்பாக்கி, இரும்புத் தகட்டு ஏனத்தை அதில் முக்கி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சூளையில் வைத்தால், மாவு மறுபடி உருகிக் கண்ணாடித் தோலாகப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே விட்ரியஸ் என்பது உவமை இல்லை, சான்றிதழ். கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்டில் கண்ணாடி கிடையாது. பல்லின் எனாமல் கால்சியம் பாஸ்பேட் வகைப் படிகம். இவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ‘விட்ரியஸ் எனாமல்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணில் ‘கண்ணாடி போன்ற’, தூக்கில் ‘கண்ணாடியேயான’. தமிழில் ஒரே சொல்லை வைத்தால் இந்த ‘போன்ற’வுக்கும் ‘ஆன’வுக்கும் உள்ள தூரம் காணாமல் போகும்.

எனாமல் எப்படி இரும்பில் ஒட்டி நிற்கிறது என்பதும் அழகான சங்கதி. சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது இரும்பு கண்ணாடியைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். அதனால் மேலே உள்ள கண்ணாடி நாலா பக்கமும் நெருக்கப்பட்டு நிற்கும். கண்ணாடிக்கு இழுபட்டால் தாங்காது; நெருக்கினால் தாங்கும். ஒட்டுவதற்கென்று அடிப்பூச்சு ஒன்று தனியாக உண்டு. அதில் கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பதால் கருநீலமாக இருக்கும். வெள்ளைக் கோப்பை கீழே விழுந்து ஓரம் பெயர்ந்தால் முதலில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். துரு அப்புறம் வரும்.

டைல்ஸ் கடைக்குத் திரும்புவோம். ‘விட்ரிஃபைட்’ என்றால் கண்ணாடியாக்கப்பட்டது. களிமண்ணோடு ஃபெல்ஸ்பார் கலந்து 1200 டிகிரிக்குச் சுடும்போது ஃபெல்ஸ்பார் உருகி, மண் துகள்களுக்கு இடையே இருக்கும் பொந்துகளை அடைத்துவிடுகிறது. ஆனால் இதை வியாபாரத்தில் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. எடை போட்டுச் சொல்கிறார்கள். உலர்ந்த ஓட்டை நிறுத்து, நீரில் வேகவைத்தோ காற்றை உறிஞ்சியோ தண்ணீர் ஏற்றி மறுபடி நிறுக்க வேண்டும். ஒரு கிலோ ஓடு 5 கிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது, அதாவது 0.5 சதவீதம். அமெரிக்கத் தரப் பிரிவில் 0.5 முதல் 3 சதவீதம் வரை குடித்தால் ‘விட்ரியஸ்’, 3 முதல் 7 வரை ‘அரை விட்ரியஸ்’, 7க்கு மேல் ‘விட்ரியஸ் அல்லாதது’. 0.5க்குக் கீழே போனால் அதற்கும் மேலான ஒரு தகுதி, ‘நீர் புகாதது’. இலக்கணத்தில் பெயரடை, ஓட்டுத் தொழிலில் அது ஒரு எண். ஒளி விடுகிறதா, மினுக்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கழிப்பறைக் கோப்பையின் அடியில் ‘விட்ரியஸ் சைனா’ என்று போட்டிருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இதற்கு நேர் எதிரே ஆத்தங்குடிக் கல் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்கிறார்கள். கண்ணாடிப் பலகையை விரித்து, அதன் மேல் சட்டத்தை வைத்து, பூப்போட்ட அச்சுக்குள் சாயம் கலந்த சிமென்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல்-சிமென்டைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுவார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். சூளை என்பதே கிடையாது. கண்ணாடியிலிருந்து கல்லை உரித்து எடுக்கும்போது முகம் பளபளவென்று வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் வழவழப்பைப் பிரதி எடுத்தது. கண்ணாடி மேலேயே பிறந்தாலும் அது விட்ரியஸ் இல்லை. மஞ்சள் சிந்தினால் குடித்துக்கொள்ளும், எண்ணெய் சிந்தினால் கறை நிற்கும். அதுவே நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். விட்ரிஃபைட் ஓடோ கண்ணாடியைக் கண்ணாலேயே பார்க்காமல் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. பின்கட்டுக்கு எதைப் போட்டேன் என்று கேட்டால், விட்ரிஃபைட்தான். குளியலறை அங்கே இருக்கிறது. ஈரத்துக்கு முன் ஊர்ப்பற்று பேசி ஆகாது.

கனிமம் படிக்கிறவர்களிடம் போனால் விஷயம் இன்னொரு பக்கம் புரளும். ஒரு கல்லை முதலில் கையில் எடுத்ததும் அவர்கள் எழுதுவது அதன் மினுக்கம்: உலோக மினுக்கம், முத்து மினுக்கம், பட்டு மினுக்கம், பிசின் மினுக்கம், வைர மினுக்கம், விட்ரியஸ் மினுக்கம். சன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, அதன் பக்கத்தில் வருகிற கற்களுக்குக் கண்ணாடி மினுக்கம்தான். குவார்ட்ஸ் 1.54. வைரம் 2.42. நேராக விழும் ஒளியில் கண்ணாடிப் பரப்பு 4 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும். வைரப் பரப்பு 17 சதவீதம். கல்யாண வீட்டில் எட்டுக்கல் பேசரியைத் தள்ளி உட்கார்ந்தே பார்த்து ‘அது வைரமில்லடி’ என்று சொல்லும் ஆச்சிமார் கண்ணில் இந்தப் பதின்மூன்று சதவீதம்தான் பட்டிருக்க வேண்டும். கணக்குத் தெரியாமலே சரியாகச் சொல்வார்கள்.

அந்தச் சண்டையும் இங்கேதான். குவார்ட்ஸ் என்பது படிகம். அணுக்கள் கோலப்புள்ளி போல வரிசை தவறாமல் நிற்கும். கண்ணாடி அப்படியில்லை. உருகிய நிலையில் தாறுமாறாகக் கிடந்தவை வரிசைக்கு வர நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துபோன கூட்டம். பொருள் அறிவியல்காரருக்கு விட்ரியஸ் என்றால் இந்த ஒழுங்கின்மைதான், படிகத்துக்கு எதிர்ச்சொல். ஆக, கனிமக்காரர் ‘குவார்ட்ஸின் மினுக்கம் விட்ரியஸ்’ என்பார்; பக்கத்து அறைக்காரர் ‘குவார்ட்ஸ் விட்ரியஸே இல்லை; அதையே உருக்கி வேகமாக ஆறவைத்தால் வருவதுதான் விட்ரியஸ் சிலிக்கா’ என்பார். இரண்டு பேரும் சரி.

தமிழில் மொழிபெயர்க்கிறவர் விழும் குழியும் இதுவே. கண்ணாடிக்கு அழகான பழைய சொல் தேடினால் பளிங்கு, படிகம் என்று கை போகும். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று குறளிலேயே இருக்கிறது. கண் மருத்துவத்தில் ‘பளிங்குக் கூழ்’ என்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்குப் பளிங்கு என்றால் வளவில் பதித்த இத்தாலி மார்பிள். ஒளி உள்ளே போகாது. படிகம் என்றாலோ இயற்பியலில் கண்ணாடிக்கு நேர்ப்பகை. கடையில் ‘கிரிஸ்டல்’ என்று விற்கும் கோப்பை படிகமே அல்ல, ஈயமோ வேறு ஏதோ கலந்த கண்ணாடி என்பதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் ஆங்கிலத்துக்கும் உண்டு என்று நாம் ஆறுதல் அடையலாம்.

துருசு, மயில்துத்தம் என்கிறோமே, அந்தச் செப்பு உப்பின் பழைய ஆங்கிலப் பெயர் நீல விட்ரியால். கண்ணாடித் துண்டு போல இருப்பதால் வந்த பெயர், அசல் படிகத்துக்கு! கந்தக அமிலம் ‘விட்ரியால் எண்ணெய்’ ஆனது. அமிலமாய்ச் சுடும் பேச்சு ‘விட்ரியாலிக்’ ஆனது. சோதனைக் குழாய்க் குழந்தைக்குச் சொல்லும் ‘இன் விட்ரோ’வும் அதே விட்ரம்தான்.

இந்தச் சொல் கண்ணாடியை விட்டு ரொம்ப தூரம் போனது மின்சாரத்தில். 1733இல் பாரிஸில் து ஃபே என்ற ஆய்வாளர் தேய்ப்பு மின்சாரத்தைச் சோதித்தபோது அது இரண்டு வகையாக நடந்துகொள்வதைக் கண்டார். தேய்த்த கண்ணாடியில் வருவது ஒன்று. அம்பர், அரக்கு போன்ற பிசின்களில் வருவது ஒன்று. ஒரே வகை ஒன்றையொன்று தள்ளும், வேறு வகை இழுக்கும். முதலாவதற்கு விட்ரியஸ் மின்சாரம் என்றும் இரண்டாவதற்குப் பிசின் மின்சாரம் என்றும் பெயரிட்டார். செம்புக் கம்பியில் இருந்தாலும் அது ‘கண்ணாடி’ மின்சாரம்தான். கண்ணாடியின் எந்தக் குணமும் அதில் இல்லை. பிறந்த ஊரைப் பெயரோடு சுமக்கிற மாதிரி. 1747இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரண்டு வேண்டாம், ஒன்றே போதும், மிகுந்தால் நேர், குறைந்தால் எதிர் என்றார். கண்ணாடி நேர் ஆனது, பிசின் எதிர் ஆனது. சில வருஷம் கழித்து லண்டனில் ஜான் கேன்டன் கண்ணாடியைச் சொரசொரப்பாக்கித் தேய்த்தால் ‘பிசின்’ மின்சாரம் வருவதைக் காட்டினார். கண்ணாடியே தன் பெயர் கொண்ட மின்சாரத்தைத் தர மறுத்தால் பெயர் எத்தனை நாள் நிற்கும்? விட்ரியஸ் மின்சாரம் இன்று வரலாற்றுப் பக்கங்களில் மட்டும் உண்டு. பிசினுக்கு மட்டும் யோகம் இருந்தது. அம்பருக்குக் கிரேக்கத்தில் ‘எலெக்ட்ரான்’; மின்சாரத்துக்கே அதன் பெயர், பிறகு எதிர்மின் துகளுக்கும் அதே பெயர்.

காரைக்குடியில் இருந்துகொண்டு மின்சாரத்தையும் வேதியியலையும் பேசினால் அழகப்பச் செட்டியாரைத் தாண்டிப் போக முடியாது. அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். மின்வேதியியல் ஆய்வகம் எதிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் ஒரு சாமான், விட்ரியஸ் கார்பன் மின்முனை. பேனா மாதிரி ஒரு தண்டு, நுனியில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் கருப்பு வட்டு. ஆராய்ச்சி மாணவர்கள் காலையில் வந்ததும் அலுமினாத் தூளைத் துணிப்பட்டையில் நனைத்து, எட்டுப் போட்டு எட்டுப் போட்டு, முகம் தெரியும்வரை அதைத் தேய்ப்பார்கள். வீட்டில் வெள்ளிச் சாமான் தேய்க்கத் தெரியாத பிள்ளைகள் அங்கே போனால் கற்றுக்கொண்டுவிடும்.

இது கருப்பு, ஒளி துளிகூடப் புகாது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. பிறகு ஏன் இந்தப் பெயர்? உடைத்தால் கண்ணாடி போல வளைவு வளைவாகச் சில்லாகிறது. திரவமோ வாயுவோ உள்ளே இறங்காது. கிராஃபைட் போல அடுக்கடுக்காக ஒழுங்குபடவில்லை. அந்த மூன்றும் போதும் என்று விட்டுவிட்டார்கள். செய்யும் முறையில்தான் வேடிக்கை. பீனாலிக் போன்ற பிசினைக் காற்றில்லாமல் மெதுவாக ஆயிரம் டிகிரிக்கும் அதற்கு மேலும் சுட்டால் விட்ரியஸ் கார்பன். து ஃபே எதிரெதிரே நிறுத்திய பிசினும் கண்ணாடியும் இங்கே ஒரு சூளையில் ஒன்றாகிவிட்டன.

தானியத்திலும் இது உண்டு. டுரம் கோதுமையை வெட்டிப் பார்த்து, உள்ளே கண்ணாடி மாதிரி இறுகித் தெரிந்தால் விட்ரியஸ், வெளுத்து மாவாகத் தெரிந்தால் தரம் குறைவு. நல்ல ரவை உடைவது முதல் வகையில். அரிசி மண்டியில் வெள்ளை வயிறு விழுந்த அரிசியை ஒதுக்குவதும் இதே பார்வை. வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மாவுமணிகள் நெருங்கி உட்காராமல் நடுவே காற்று இருக்கிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுகிறது. ஓட்டில் தண்ணீருக்குப் பொந்து இல்லை, அரிசியில் காற்றுக்குப் பொந்து இல்லை. ஓட்டுக்காரரும் மண்டிக்காரரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை. ஒரே குணத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பனிக்கட்டியிலும் உண்டு. தண்ணீரைப் படிகமாக விடாமல் நொடியில் உறையவைத்தால் விட்ரியஸ் பனி. அதில் புரதங்களைப் பதித்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை வளர்த்ததற்காக ஜாக் டுபோஷே 2017 நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். கருவை உறையவைக்கும் மருத்துவமனைகளில் ‘விட்ரிஃபிகேஷன்’ என்பதும் இதுவே. ஊசி ஊசியாகப் பனிப்படிகம் வளர்ந்து செல்லைக் கிழித்துவிடக் கூடாது.

அப்பத்தாவுக்கு மாசியில் விட்ரெக்டமி ஆனது. டாக்டர் கூழை எடுத்துவிட்டு உப்புநீர் விட்டார். அது போன பின் கண்ணே சுரந்து நிரப்பிக்கொள்ளும். எடுத்த கூழ் மறுபடி வளராது. கட்டுப் பிரித்த பிறகு வந்த சந்தேகம் நியாயமானது. ‘உள்ள இருந்த கண்ணாடிய எடுத்துட்டாகன்னு சொன்னியே, அப்ப வெளியில மாட்டுறது இனி வேணாம்ல?’ வேணும் என்றேன். ‘அப்ப எதுக்கு எடுத்தாக?’

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பழைய வெள்ளை எனாமல் கோப்பையில் காப்பி கொடுத்தேன். வாங்கினவர்கள் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளிம்புக்குக் கீழே ஒரு கருப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார்கள், வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார்கள். பிறகு கோப்பையை மெதுவாகத் திருப்பினார்கள். புள்ளி கோப்பையோடு திரும்பியது. அதற்கப்புறம்தான் காப்பியைக் குடித்தார்கள்.